மடிக்கணினி வாங்கும் வணிகர் கவனத்துக்கு: பயணத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று

கொள்முதலுக்குப் போகும் நம் வணிகர் எவரும் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. மிளகாய் என்றால் காம்பு, ஈரம், நிறம் பார்ப்போம். பருப்பு என்றால் நாலு மணியைப் பல்லில் கடித்தாவது பார்ப்போம். ஆனால் மடிக்கணினி வாங்கப் போனால் மட்டும் விற்பனையாளர் சொல்லும் ‘ஐ-7’, ‘கிராபிக்ஸ் கார்டு’ என்ற இரண்டு வார்த்தைகளுக்குத் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டி வந்துவிடுகிறோம். அந்தப் பணத்தில் பாதி நமக்குத் தேவையில்லாத பாகத்துக்குப் போகிறது. தேவையான பாகமோ குறைவாகவே கிடைக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1-7-2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின், பில் கட்டை மாதக் கடைசியில் ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு மறந்திருக்கும் காலம் போய்விட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வியாபாரிகள், மற்ற வணிகருக்குப் போடும் பில்லை 1-8-2023 முதல் இ-இன்வாய்ஸாகவே போட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். முதலாளி குண்டூர் மிளகாய் யார்டிலோ, குஜராத்தின் உஞ்சா சீரகச் சந்தையிலோ நின்றுகொண்டிருந்தாலும் கடைக் கணக்கு அவர் கண்ணில் பட்டாக வேண்டியிருக்கிறது. விலை கேட்கவும் பணம் அனுப்பவும் மட்டும் என்றால் கைப்பேசியே போதும்; அப்படிப்பட்டவர்கள் மடிக்கணினிக்குச் செலவிட வேண்டியதில்லை. நிலுவைப் பட்டியல், இருப்பு, போன வருடக் கொள்முதல் விலை ஆகியவற்றை எதிரே வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர்களுக்கே இது தேவை.

கடையில் காட்டப்படும் மடிக்கணினிகளைப் பெரும்பாலும் இரண்டு கூறாகப் பிரித்துவிடலாம். ஒன்று பயண வகை. 13 அல்லது 14 அங்குலத் திரை, எடை ஏறக்குறைய 1 கிலோ முதல் 1½ கிலோ வரை. மற்றது வேக வகை. 15 அல்லது 16 அங்குலத் திரை, எடை 2 கிலோவுக்கு மேலும் போகும். விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு சார்ஜரே அரைக் கிலோவைத் தாண்டும். கடைக்குள் 2 கிலோ ஒரு பொருட்டல்ல. இரவு ரயிலில் இறங்கி, காலை முழுவதும் யார்டில் நடந்து, மாலை பஸ் பிடிக்கிறவருக்கு அது தோளில் தொங்கும் மூட்டை.

எழுத்தைப் பாருங்கள்

இன்டெல் பிராசசரின் பெயரில் கடைசியாக வரும் ஆங்கில எழுத்தைக் கவனியுங்கள். ‘யு’ என்று முடிந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை. ‘எச்’ என்று முடிந்தால் பசி அதிகமுள்ள, வேகமான வகை. யு வகையில் பலவும் சுமார் 15 வாட் கணக்கிலும், எச் வகை 45 வாட் கணக்கிலும் வடிவமைக்கப்பட்டவை. படம் வெட்டி ஒட்டுவோருக்கும் பொறியியல் வரைபடம் போடுவோருக்கும் எச் வேண்டும். மளிகைக் கணக்குக்கு யு தாராளம்.

ஐ-5, ஐ-7 என்பதைவிட எந்தத் தலைமுறை என்பது முக்கியம். 2017இல் வந்த எட்டாம் தலைமுறை யு வகை ஐ-5இல் நான்கு கோர்கள் இருந்தன. அதற்கு முந்திய ஏழாம் தலைமுறை யு வகை ஐ-7இல் இரண்டுதான். நம் கடையில் பழைய அரிசிக்குத்தான் மதிப்பு. இங்கே நேர்மாறு.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் புதுப்பிக்கப்பட்ட பழைய மடிக்கணினி வாங்குவோர் இதை மறக்கக் கூடாது. விண்டோஸ்-10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 14-10-2025உடன் முடிந்தது. விண்டோஸ்-11 முறையாக ஏற இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஏழாம் தலைமுறையில் மிகச் சிலவற்றுக்கே விலக்கு உண்டு. ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் புழங்கும் இயந்திரத்தைப் பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் ஓட்டுவது, பூட்டில்லாத கல்லாவை வைத்திருப்பதற்குச் சமம்.

வேகம் எங்கே இருக்கிறது?

‘என் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது’ என்று சொல்லும் உறுப்பினர்களில் பலருக்குக் குறை பிராசசரில் இல்லை. மெமரியிலும் டிஸ்க்கிலும்தான் இருக்கிறது. டேலி, எக்ஸெல், பிரவுசரில் ஜி.எஸ்.டி. தளம், வங்கித் தளம், வாட்ஸ்அப் இத்தனையும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது நமக்கு வாடிக்கை. 8 ஜி.பி. ராம் உள்ள இயந்திரத்தில் விண்டோஸே கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் மற்றவை நெருக்கியடிக்கும். 16 ஜி.பி. வாங்குங்கள். ஐ-7க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ராமுக்குக் கொடுத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். டிஸ்க் எஸ்.எஸ்.டி.யாகவே இருக்கட்டும், சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க் பஸ் குலுக்கலுக்கும் ஆகாது.

மெல்லிய பயண வகை பலவற்றில் ராம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று வாங்கினால் கூட்ட முடியாது. தடித்த வகைகளில் கூடுதல் ராமுக்குப் பெரும்பாலும் இடம் இருக்கும். வாங்கும் முன்பே ‘இதில் ராம் செருக இடம் இருக்கிறதா’ என்று கேட்டுவிடுங்கள்.

பேட்டரியை ‘பத்து மணி நேரம் வரும்’ என்ற பேச்சால் அளக்காதீர்கள். அடியிலோ பெட்டியிலோ வாட்-மணி என்ற கணக்கு இருக்கும். 56 வாட்-மணி பேட்டரியுள்ள சிக்கன இயந்திரம் கணக்கு வேலையில் சராசரி 8 வாட் எடுத்தால் 7 மணி நேரம் ஓடும். அதே பேட்டரி, கிராபிக்ஸ் கார்டு உள்ள இயந்திரத்தில் 20 வாட் எடுத்தால் 3 மணி நேரம்கூட வராது. ரயிலில் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பவும் முடியாது. தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜ் இணைப்பை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை ரயில்வே 2021இல் கொண்டுவந்தது. டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மடிக்கணினியாக இருந்தால், ஒரே 65 வாட் சார்ஜரில் கைப்பேசிக்கும் ஏற்றிக்கொள்ளலாம்.

கடையிலேயே இருக்கும் மடிக்கணினிக்கு வேறு கவலை. மின்சாரம் போனாலும் பில் நிற்காது என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் நாள் முழுவதும் செருகியே வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் தேயும். லெனோவோ, டெல், எச்.பி., ஏசுஸ் போன்றவற்றின் பல மாதிரிகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு, அதைப் போட்டுவைக்கவும். இன்னொன்று தூசி. மிளகாய்க் கிடங்கு, மாவு மில், கருவாட்டு மண்டி எதுவானாலும் மின்விசிறி அந்தத் தூசியை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும். சூடேறிய பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வருடம் ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இங்கே ஆப்பிள் பற்றிச் சிலர் கேட்பார்கள். 2020இல் வந்த எம்-1 முதற்கொண்டு மேக்புக் ஏர் மாதிரிகளில் மின்விசிறியே இல்லை. எடை 13 அங்குலத்தில் 1.3 கிலோவுக்குள் அடங்கும். பேட்டரி நெடுநேரம் வரும். எல்லாம் சரி. டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. மேக்கில் நேரடியாக ஓடாது. சுற்றுவழிகள் உண்டு, கணக்குப்பிள்ளைக்கு அந்தத் தலைவலியைக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

துளைகளையும் எண்ணிப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பார்கோடு ஸ்கேனர், பில் பிரிண்டர் ஆகியவை பெரும்பாலும் பழைய அகல யு.எஸ்.பி. முனையோடுதான் வருகின்றன. மெல்லிய வகை சிலவற்றில் இரண்டு டைப்-சி துளைகள் மட்டுமே இருக்கும். தனியே ஒரு இணைப்பான் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள நேரும்.

ஒன்றே போதுமா?

சில்லறைக் கடைக்காரர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பயணம் செய்யும் மொத்த வியாபாரிக்கு என் கருத்து வேறு. கடைக் கணக்கின் மூலப் பிரதி ஊர்சுற்றக் கூடாது. அது கல்லாப் பக்கத்து இயந்திரத்திலேயே இருக்கட்டும். அங்கே மேசைக் கணினி இருந்தால் இன்னும் மலிவு. முதலாளி கொண்டுபோகும் சிறிய மடிக்கணினியிலிருந்து தொலைத்தொடர்பில் அதைத் திறந்து பார்க்கலாம். கணக்கையே பயண இயந்திரத்தில் வைத்தால், அவர் திரும்பும்வரை கடையில் பில் நிற்கும். இரண்டிலும் தனித்தனியே எழுதினால் இரண்டு பேரேடு உண்டாகி, ஒத்துப்பார்ப்பதே ஒரு வாரம் பிடிக்கும்.

திருட்டையும் எண்ண வேண்டும். பஸ்ஸில் பை போனால் போவது இயந்திரம் மட்டுமல்ல, யார் யார் எவ்வளவு பாக்கி என்ற நம் கடன் பட்டியலும் வாடிக்கையாளர் விலைகளும்தான். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கிறது. அதைப் போட்டு, மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக் கடை அலமாரியில் வையுங்கள். டேலியிலும் டேலி வால்ட் என்ற பூட்டு உண்டு. அதன் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கை மீட்க வழியில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளவும்.

தொழிலுக்கென்று செய்யப்படும் வரிசைகள் தனி. லெனோவோவின் திங்க்பேட், எச்.பி.யின் புரோபுக், எலைட்புக், டெல்லின் லாட்டிட்யூட் (2025 முதல் டெல் புரோ என்ற பெயரில் வருகிறது) முதலியவை இவ்வகை. வீட்டு உபயோக மாதிரிகளைவிட விலை கூடுதல். கட்டுமானம் உறுதியாக இருக்கும். ஆள் நம் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டியும் எளிதில் கிடைக்கும். சிற்றூரில் கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகர் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு நடை போனால் மிச்சப்படுத்திய பணம் அங்கேயே கரைந்துவிடும்.

பில் போடும்போது கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லி, கடைப் பெயரிலேயே வாங்குங்கள். மடிக்கணினிக்கு வரி 18 சதவீதம். 60,000 ரூபாய் இயந்திரத்துக்கு வரி 10,800. தொழிலுக்குப் பயன்படுத்துவதால் இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். பையன் பெயரில் ஆன்லைனில் வாங்கினால் அந்தப் பணம் போனதுதான். வரியையும் சேர்த்து தேய்மானம் போட்டுவிட்டால் உள்ளீட்டு வரி கிடைக்காது என்பதை ஆடிட்டரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருக்கு 70,800தான் அசல் விலை. எட்டாம் தலைமுறைக்குக் குறையாத, 16 ஜி.பி. ராம் உள்ள, வாரண்டியோடு வரும் புதுப்பித்த திங்க்பேடையோ லாட்டிட்யூடையோ அவர் விசாரித்துப் பார்ப்பது நல்லது.