கூட்டுவதா, கழிப்பதா?
சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே பார்த்துத் தெளிய வல்லவராயிருத்தல் வேண்டும். கூட்டலும் கழித்தலும் அறியாதவர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும், எண்கள் தனியே நிற்கும்போது பிழையின்றிச் செய்பவர்களும், அவ்வெண்கள் ஒரு வாக்கியத்தினுள் அமைந்து வரும்போது, கூட்டுவதா கழிப்பதா என்று தயங்குகிறார்கள். அத்தயக்கத்தை நீக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

இக்கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் பல கணக்குகளைச் செய்யுள் வடிவிலேயே கூறுகிறது. சொல்லைக் கேட்டுப் பொருளை உணர்ந்து, பின்பு எண்ணைக் கையாளுதல் நம் முன்னோர் பழகிய முறையேயாகும்.

1. சங்கத்தார்க்கு இஃது ஏன் அவசியம்?

சென்னை மாகாணத்தில் விவசாய பாங்கிகளை ஏற்படுத்துவதுபற்றி ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் தமது அறிக்கையை 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அதன்பின் 1904இல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. அச்சட்டத்தின் கீழ்க் கிராமச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்புடையனவாக அமைந்தன. அதாவது, ஒருவர் கடனைத் தீர்க்கத் தவறினால், அப்பாரம் மற்ற அங்கத்தினர் அனைவர்மீதும் வந்து விழக்கூடும். ஆகவே அண்டை வீட்டுக்காரரின் பாக்கியும் தம் பாக்கியைப் போலவே கவனிக்கத்தக்கதாயிற்று.

இக்காலத்தில் பொறுப்பு பெரும்பாலும் பங்குத்தொகையின் அளவோடு நின்றுவிடுகிறது. ஆயினும் சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணமே என்னும் உண்மை மாறவில்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பு 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று பிரித்துக் கூட்ட வேண்டியிருந்தது. அத்தொல்லை இப்பொழுது இல்லை. எஞ்சியிருப்பது, கணக்கின் கருத்தை அறிதலாகிய வேலையே.

2. சொல்லை நம்பலாகாது

'மொத்தம்', 'அதிகம்' என்னும் சொற்களைக் கண்டால் கூட்டுக. 'மீதி', 'குறைவு' என்று கண்டால் கழிக்க என்று சிலர் கற்பிப்பதுண்டு. இவ்விதி பாதி வழியில் நம்மைக் கைவிட்டுவிடும். பின்வரும் கணக்கைப் பாருங்கள். இப்பாடத்தில் வட்டியைச் சேர்க்காமல் அசலை மாத்திரமே எடுத்துக்கொள்வோம்.

கணக்கு: ஓர் அங்கத்தினர் தம் கடனில் 1,500 ரூபாய் கட்டினார். கட்டிய பின்பு மீதி அசல் 2,750 ரூபாய். அவர் முதலில் வாங்கிய கடன் எவ்வளவு?

'கட்டினார்', 'மீதி' என்னும் சொற்களைக் கண்டு கழித்தால் 1,250 ரூபாய் என்று வரும். இப்பொழுது நிற்கும் பாக்கியே 2,750 ஆயிருக்க, வாங்கிய கடன் அதனினும் குறைவாயிருத்தல் எங்ஙனம்? கட்டிய தொகையும் மீதித் தொகையும் சேர்ந்ததே வாங்கிய கடன். ஆகவே 1,500 + 2,750 = 4,250 ரூபாய். கடன் பத்திரத்தில் இத்தொகை இருக்கிறதா என்று அவர் ஒத்துப் பார்க்கலாம். கழித்துவிட்டவரோ, சரியான பத்திரத்தையே தவறென்று எண்ணி வீண் வழக்குக்குப் போவார்.

3. முழுமையும் பகுதியும்

இத்தகைய கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரு முழுமையும் அதன் பகுதிகளும் உண்டு. எது முழுமை, எவை பகுதிகள் என்று முதலில் காண்க. முழுமையைக் கேட்டால் பகுதிகளைக் கூட்டுக. ஒரு பகுதியைக் கேட்டால் முழுமையிலிருந்து மற்றப் பகுதிகளைக் கழிக்க. இவ்வொரு விதியே போதுமானது.

இரண்டு தொகைகளை ஒப்பிடும் கணக்கிலும் இது பொருந்தும். அங்கே பெரிய தொகை முழுமை. சிறிய தொகையும் வித்தியாசமும் பகுதிகள்.

கணக்கு: திருப்பாதிரிப்புலியூரை அடுத்த கிராமம் ஒன்றில் ஒருவர் 37 மூட்டை வேர்க்கடலை விற்பனைக்குக் கொணர்ந்தார். அஃது அவர் தம்பி கொணர்ந்ததைவிட 9 மூட்டை அதிகம். தம்பி கொணர்ந்தது எவ்வளவு?

'அதிகம்' என்றிருப்பினும் இங்கே கூட்டலாகாது. பெரிய தொகையாகிய 37 தமையனாருடையது. தம்பி கொணர்ந்தது 37 - 9 = 28 மூட்டை. சரிபார்த்தல்: 28 + 9 = 37.

கணக்கு: ஒரு குடும்பத்தில் விளைந்த நெல் 60 மூட்டை. சாப்பாட்டுக்கு 18, விதைக்கு 4 ஒதுக்கி, ஒரு பகுதியைச் சங்கத்தின் மூலம் விற்றார்கள். களஞ்சியத்தில் இவையன்றி இன்னும் 13 மூட்டை இருக்கிறது. விற்றது எவ்வளவு?

முழுமை 60. தெரிந்த பகுதிகள் 18 + 4 + 13 = 35. தெரியாத பகுதி 60 - 35 = 25 மூட்டை. நான்கு பகுதிகளையும் கூட்டினால் 60 வருதல் வேண்டும், வருகிறது.

4. சங்கத்தின் ஒருநாள் கணக்கு

இனி நாள்வழியைப் பார்ப்போம். காலையில் ரொக்க இருப்பு 1,840 ரூபாய். அன்றைய வரவு: பங்குத்தொகை 200, கடன் வசூல் 2,350, டிபாசிட் 600, ஆக 3,150. இருப்பும் வரவும் சேர்ந்து 4,990. அன்றைய பற்று: கடன் கொடுத்தது 3,000, காகிதம் முதலிய சில்லறைச் செலவு 75, ஆக 3,075. மாலை இருப்பு 4,990 - 3,075 = 1,915 ரூபாய்.

இங்கே 4,990 என்பது முழுமை. வெளியே சென்றதும் பெட்டியில் நிற்பதும் அதன் பகுதிகள். ஆகவே பற்றையும் மாலை இருப்பையும் கூட்டினால் மறுபடியும் 4,990 வருதல் வேண்டும்.

ஒருநாள் பெட்டியிலுள்ள பணம் ஏட்டுக்குக் குறைந்தால், உடனே காரியதரிசியைச் சந்தேகிப்பது தகாது. சங்கம் நிற்பதும் விழுவதும் நம்பிக்கையினாலேயே. முதலில் வித்தியாசத்தைக் கண்டு, அதனை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கக்கூடும். மேற்படி கணக்கில் 2,350 என்பதை 2,530 என்று எழுதிவிட்டால், ஏட்டில் இருப்பு 2,095 என்று காட்டும். பெட்டியிலோ 1,915தான் இருக்கும். வித்தியாசம் 180, 9ஆல் வகுத்தால் 20. இஃது ஒரு குறிப்பேயன்றி முடிவான சான்றன்று. ஆயினும் ரசீதுகளை ஒவ்வொன்றாக ஏட்டுடன் ஒத்துப் பார்க்கையில், எத்தகைய பிழையைத் தேட வேண்டுமென்பதை அது காட்டும். அவ்வாறு தேடியும் பிழை அகப்படாவிடில், நிர்வாகக் குழுவின் முன் கேட்பது அங்கத்தினரின் உரிமை.

5. செய்யும் முறை

(அ) கணக்கை இருமுறை படிக்க.
(ஆ) நடந்ததை நடந்த வரிசையில் சொந்த வார்த்தைகளில் சொல்லிக்கொள்க.
(இ) முழுமை எது, பகுதி எது என்று குறிக்க.
(ஈ) முழுமை வேண்டின் கூட்டுக. பகுதி வேண்டின் கழிக்க.
(உ) விடையைக் கணக்கினுள் மீண்டும் வைத்து, பொருந்துகிறதா என்று பார்க்க.

ஐந்தாவதை விட்டுவிடுபவரே அநேகர். பிழைகளில் பெரும்பாலானவை அவ்விடத்திலேதான் பிடிபடும்.

6. பயிற்சி

(1) ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சங்கத்தில் 214 அங்கத்தினர் இருந்தனர். 6 பேர் விலகினர். சிலர் புதிதாகச் சேர்ந்தனர். ஆண்டு முடிவில் 231 பேர். புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை பேர்?

(2) ஒருவர் 1,200 ரூபாயும் பின்பு 800 ரூபாயும் கட்டிய பிறகு அசல் பாக்கி 3,000 ரூபாய். வாங்கிய கடன் எவ்வளவு?

(3) ஒருவர் வாங்கிய கடன் 2,350 ரூபாய். அஃது அண்டை வீட்டுக்காரர் வாங்கியதைவிட 650 ரூபாய் குறைவு. இருவரும் சேர்ந்து வாங்கியது எவ்வளவு?

விடைகள்: (1) 23 பேர். (2) 5,000 ரூபாய். (3) 5,350 ரூபாய்.

இக்கணக்குகளை வீட்டிலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து செய்வது இருவர்க்கும் நலம். அடுத்த முறை சங்கத்துக்குச் செல்லும்போது பாஸ் புத்தகத்தையும் ரசீதுகளையும் உடன் கொண்டுபோய், பேரேட்டிலுள்ள உங்கள் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். தொகை பொருந்தினால் மனம் அமைதியுறும். பொருந்தாவிடில் அன்றே கேட்டால் சிறு திருத்தத்தோடு முடியும். ஆண்டு கழித்துக் கேட்டால் தகராறாக வளரும்.