இன்டர்நெட்டிலும் பழைய எண், புதிய எண்

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சிறிய மளிகைக் கடையில்கூட மூன்று நான்கு சாதனங்கள் இன்டர்நெட்டை நம்பி ஓடுகின்றன. பில் போடும் கம்ப்யூட்டர், பணம் வந்ததை அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ், கார்டு மெஷின், கண்காணிப்புக் கேமரா ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். புதிதாக வழங்குவதற்கு அந்த முகவரிகள் கையிருப்பில் இல்லை என்ற நிலை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. "உங்கள் பழைய மெஷின் இனி ஓடாது, மாற்றிவிடுங்கள்" என்று ஒருவர் கடைக்கு வந்து சொன்னால், அது உண்மையா, விற்பனைப் பேச்சா என்று எடைபோட நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கே இக்கட்டுரை.

எண்கள் ஏன் தீர்ந்தன?

இன்டர்நெட் முகவரியின் அளவு 1981-ல் வகுக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள்தான் உண்டு. சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் பயன்படுத்திய காலத்தில் அது கடல் போலத் தெரிந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வழங்கத் தொடங்கியபோதும் நிலைமை அவ்வளவு நெருக்கடியாக இல்லை. பிறகு செல்போன் வந்தது. ஆளுக்கொரு முகவரி போதாமல் போயிற்று. 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவிலான மையக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசியப் பகுதியின் இருப்பும் கடைசிக் கட்டத்துக்கு வந்து, அதன்பின் ரேஷன் முறையில் சிறிது சிறிதாகவே தரப்பட்டது.

டெலிபோனில் செய்தது இங்கே முடியாதா?

டெலிபோன் எண் போதாதபோது என்ன செய்தார்கள் என்பது நமக்கு நினைவிருக்கும். சென்னையின் 7 இலக்க எண்களுக்கு முன் 2 சேர்த்து 8 இலக்கம் ஆக்கினார்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முதலில் 0 போட வேண்டும் என்றார்கள். அந்த ஒரு பூஜ்ஜியத்தால் 254 கோடிக்கும் மேற்பட்ட புதிய எண்களுக்கு இடம் கிடைக்கும் என்பது அரசின் கணக்கு. இதற்காகக் கடையில் இருந்த டெலிபோனை யாரும் தூக்கிப் போடவில்லை. காரணம், எண்ணைப் படித்து வழி சொல்வது எக்ஸ்சேஞ்சின் வேலை. நம் டெலிபோன் அழுத்திய எண்ணை அனுப்பியதோடு சரி.

இன்டர்நெட்டில் அப்படி இல்லை. தகவல் சிறு சிறு பொட்டலமாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் எழுத அளவெடுத்த கட்டம் உண்டு. நம் கம்ப்யூட்டர் முதல் வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டர் வரை அந்த அளவையே எதிர்பார்க்கின்றன. ஓர் இலக்கத்தைக் கூட்டினாலும் பழைய சாதனம் பொட்டலத்தைப் படிக்க முடியாமல் கீழே போட்டுவிடும். ஆகவே இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

முதல் வழி: ஒரே முகவரியைப் பங்கிடுதல்

ஒரு மண்டியில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவு எண் ஒன்றுதான். வெளியே போகும் கடிதங்களைக் கணக்கப்பிள்ளை வாங்கி, எது யாருடையது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, மண்டி முகவரியைப் போட்டு அனுப்புகிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கிறார். நம் கடை ரூட்டர் செய்வது இதே வேலை. கடைக்குள் 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்உபயோகத்துக்கு மட்டுமே. வெளியுலகுக்குத் தெரிவது ஒரே எண். 1994-ல் எழுதி வைக்கப்பட்ட இந்த முறைதான் பழைய சாதனங்களை இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

இப்போது இணைப்புக் கம்பெனிகளிடமும் எண் போதவில்லை. எனவே தெரு முழுவதற்கும் சேர்த்து இன்னொரு கணக்கப்பிள்ளையைத் தங்கள் மையத்தில் வைத்திருக்கிறார்கள். பில் போடவும் பணம் பெறவும் இதனால் தடை இல்லை. கடிதம் நம்மிடமிருந்து முதலில் போகிறது, பதில் வந்து சேர்கிறது. சிக்கல் எங்கே என்றால், நாம் எதுவும் அனுப்பாமலே வெளியிலிருந்து வரும் கடிதத்துக்கு நோட்டில் பதிவு இருக்காது. வீட்டிலிருந்து கடைக் கேமராவின் ரெக்கார்டரை நேராகத் திறந்து பார்க்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரெக்கார்டர் பழுது என்று எண்ணிப் புதிதாக வாங்கினாலும் இந்தக் குறை தீராது.

இரண்டாம் வழி: இரண்டு எண்ணும் கூடவே

சென்னையில் கதவு எண் மாறியபோது பலகையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதினோம். தபால்காரர் எதைக் கொண்டு தேடி வந்தாலும் கடை கிடைத்தது. இன்டர்நெட்டிலும் ஆறாம் பதிப்பு என்ற நீளமான முகவரி முறை 1990-களில் வகுக்கப்பட்டது. 340-க்குப் பின் 36 பூஜ்ஜியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் முகவரிகள் அதில் உண்டு. ரூட்டருக்கு இரண்டு முறையும் தெரிந்திருந்தால் போதும். புதிய செல்போன் புதிய எண்ணில் போகும். பத்து வருட ரெக்கார்டர் பழைய எண்ணிலேயே ஓடும்.

நம் நாடு இதில் பின்தங்கவில்லை. தொலைத்தொடர்புத் துறை 2010-லும் 2013-லும் இதற்கான திட்ட அறிக்கைகளை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ, செல்போன்களுக்குப் புதிய முகவரியையே பெருமளவில் கொடுத்தது. இத்தகைய இணைப்பில் பழைய எண் மட்டுமே தெரிந்த செயலிக்காகப் போனுக்குள் ஒரு மாற்று ஏற்பாடும், கம்பெனி மையத்தில் இன்னொன்றும் மொழிபெயர்ப்பாளர் போல வேலை செய்யும். கம்பி வழி இணைப்புகளைப் பொறுத்தவரை, 2022 டிசம்பர் 31-க்குப் பின் தரப்படும் புதிய இணைப்புகள் ஆறாம் பதிப்பைத் தாங்க வேண்டும் என்று துறை 2021-ல் அறிவித்தது. பழைய முறைக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான முடிவு நாள் எதுவும் குறிக்கப்படவில்லை.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

1. பில் பிரின்டர், கம்ப்யூட்டரோடு இணைந்த தராசு போன்றவை கடைக்குள்ளேயே பேசிக்கொள்பவை. முகவரி மாற்றத்தைக் காரணம் காட்டி இவற்றை மாற்றச் சொன்னால் ஏற்க வேண்டாம். சிம் போட்ட சவுண்ட் பாக்ஸின் முகவரியைச் சிம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்.

2. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் தெருவோடு முகவரியைப் பங்கிடுகிறீர்கள் என்று பொருள்.

3. "நிலையான ஐ.பி." என்று மாத வாடகை கேட்டால், எதற்குத் தேவை என்று முதலில் கேளுங்கள். கேமரா பார்ப்பதற்கு மட்டும் என்றால், ரெக்கார்டர் தானாகவே வெளியே சென்று தன் கம்பெனி மையத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதி உள்ளதா என்று பாருங்கள். அது இருந்தால் பங்கு முகவரியிலும் படம் வரும், வாடகை மிச்சம்.

4. புது ரூட்டர் வாங்கினால் ஆறாம் பதிப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இணைப்புக் கம்பெனியிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இது ஒன்றே.

5. புதிய முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வெளியுலகுக்குத் தெரியும் தனி முகவரி கிடைக்கலாம். ஆகவே ரூட்டரின் பாதுகாப்புத் தடுப்பை அணைக்க விடாதீர்கள். கேமராவுக்குத் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற தீய நிரல், பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது.

மொத்தத்தில், எண் தீர்ந்ததே தவிர நம் சாதனங்களின் ஆயுள் தீரவில்லை. கடை வாசலில் உள்ள ரூட்டர் ஒன்றுக்கு இரண்டு எண்ணும் தெரிந்தால், உள்ளே இருப்பவை அவை தேயும் வரை உழைக்கும். அடுத்த முறை விற்பனையாளர் வந்தால் "எந்தச் சாதனத்துக்கு, எந்த எண் போதவில்லை?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தபின் கல்லாவைத் திறக்கலாம்.