குறைமாதக் குழந்தையின் மூளை வளர்ச்சி

கருக்காலம் 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் மகவைக் குறைமாதக் குழந்தை என்பர். உலகிற் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இத்தகையது. 24ஆம் வாரத்திற் பெரும்பாலும் வழுவழுப்பாயுள்ள மூளையின் மேற்பரப்பு, 40ஆம் வாரத்தில் எண்ணிறந்த மடிப்புக்களை உடையதாகின்றது. குறைமாதக் குழந்தைக்கோ இவ்வளர்ச்சி, கருப்பையின் இருளிலன்றி, வைத்தியசாலையின் வெளிச்சத்திலும் ஓசையிலும் நிகழவேண்டியதாகின்றது.

இதனைக் காண்பது எவ்வாறு? உச்சிக்குழி வழியே எடுக்கும் கழியொலிப் படம், மூளையினுள் இரத்தங் கசிந்துளதா என்பதைக் காட்டும். அதனினும் நுண்ணியது காந்தப் பரிவுப் படம். வலிய காந்தப்புலமும் வானொலி அலைகளுமே இதற்குக் கருவி. எக்ஸ் கதிர் வேண்டப்படுவதில்லை. நீர் மூலக்கூறுகள் நரம்பிழைகளின் நெடுக்கே எளிதாகவும் குறுக்கே அரிதாகவும் அசைவன. அவ்வசைவை அளந்து நரம்பு வழிகளை வரைகின்றனர்.

இலண்டன் கிங்ஸ் கல்லூரி, இம்பீரியல் கல்லூரி, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் ஆகியன கூடி இவ்வாராய்ச்சியைப் பெரிதாக நடத்தின. பாலூட்டி, துணியாற் சுற்றி, பேரோசை தாக்காவண்ணம் காதுகளை மூடி, இயல்பான உறக்கத்திலேயே குழந்தைகளைப் படமெடுத்தனர். 783 குழந்தைகளின் படங்கள் 2021இல் ஆராய்ச்சியாளர் யாவர்க்கும் பொதுவாக்கப்பட்டன.

பிறக்கவேண்டிய நாளை எட்டிய குறைமாதக் குழந்தைகளின் நரம்பிணைப்புகள், நிறைமாதக் குழந்தைகளுடையவற்றினின்றும் சராசரியில் வேறுபடுகின்றன. சராசரி என்னுஞ் சொல்லை நாம் மறத்தலாகாது. படத்திற் கண்ட பெருஞ் சிதைவு, கைகால் இயக்கம் குன்றக்கூடுமென முன்னுணர்த்தலாம்; ஒரு குழந்தை பள்ளியில் எவ்வாறு கற்கும் என்பதை அஃது உறுதியாய்க் கூறாது. இத்தகைய பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் அமர்கின்றனர். கவனத்திலோ கணக்கிலோ ஒருவன் பின்தங்கின், சோம்பல் என்று கடியுமுன் அவன் பிறப்பின் வரலாற்றைப் பெற்றோரிடம் கேட்டறிதல் ஆசிரியர் கடனாம்.