தண்ணீரில் பிரசவமா? தொட்டியைக் கவனியுங்கள்!

அமெரிக்காவில் இருக்கும் மகள் போன் செய்கிறாள். “அம்மா, தொட்டித் தண்ணியில பிரசவம் வெச்சுக்கப் போறேன். வலி குறைவா இருக்குமாம்!” உடனே பதறாதீர்கள். “தொட்டியில தண்ணி எப்போ நிரப்புவாங்க?” என்று கேளுங்கள்.

ஏன் இந்தக் கேள்வி? பிரசவத் தொட்டி நீரை உடல் சூட்டில், அதாவது சுமார் 37 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். நிமோனியாவை உண்டாக்கும் ‘லெஜியோனெல்லா’ கிருமிக்கும் அந்த வெதுவெதுப்புதான் பிடிக்கும். இது குழாய்களிலும் தேங்கிய நீரிலும் வளரும். தண்ணீர் தெளிவாக இருப்பதாலேயே சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறக்கும் சிசு பெரும்பாலும் தண்ணீருக்குள் மூச்சு இழுப்பதில்லை. ஆனால் ஆக்சிஜன் குறைந்து திணறினால் நீரை உறிஞ்சிவிடலாம். கிருமி நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

2016-ல் அரிசோனாவில், வீட்டுத் தொட்டியில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு இந்நோய் வந்தது. ஒரு வீட்டில் தண்ணீரை நிரப்பி, ஒரு வாரம் சூடாகவே வைத்திருந்தார்களாம்! நல்லவேளை, இரண்டும் பிழைத்துக்கொண்டன. 2014-ல் டெக்சாஸில் பிறந்த ஒரு சிசுவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அப்படியானால் தண்ணீர்ப் பிரசவமே கூடாதா? அப்படியில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு, பயிற்சி பெற்றவர்கள் பார்க்கும் பிரசவத்தில், சிசுவுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று பிரிட்டனில் 2024-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமோ, வலி எடுக்கும் நேரத்தில் தொட்டியில் இருக்கலாம், குழந்தை வெளியில் பிறக்கட்டும் என்கிறது. முடிவை மருத்துவரோடு பேசி எடுங்கள்.

இவற்றை மறக்க வேண்டாம்:

1. வலி தொடங்கிய பிறகே தொட்டியை நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பிச் சூடேற்றி வைக்கவே கூடாது.

2. தண்ணீரைச் சுழற்றும் பம்ப், ‘ஜெட்’ உள்ள தொட்டி வேண்டாம். அதன் குழாய்களுக்குள் கிருமி ஒளிந்திருக்கும். தேய்த்துக் கழுவ முடியாது.

3. ஒருவர் பயன்படுத்திய தொட்டியைக் கிருமிநாசினியால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே அடுத்தவருக்குத் தர வேண்டும்.

பிறந்த பிறகு குழந்தை வேகமாக மூச்சு வாங்குகிறதா, முனகுகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, உடல் சுடுகிறதா அல்லது சில்லிடுகிறதா? ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போனதும், “தண்ணீரில் பிறந்த குழந்தை” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சிசுக்களுக்கு வழக்கமாக முதலில் தரும் ஆன்ட்டிபயாடிக்குகள் இந்தக் கிருமியைக் கொல்லாது. இதற்கு மருந்தே வேறு. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரி குழந்தையைக் காப்பாற்றலாம்.