பொன்னின் விலையைப் பிரித்தறிதல்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை மாநகரின் கடைத்தெருக்களைக் கோவலனின் கண்வழியே காட்டுகிறது. அவற்றுள் பொன் வணிகர் வீதி தனித்து நோக்கத்தக்கது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன் அங்கு நால்வகைப்பட்டிருந்தது. எவ்வகைப் பொன் எவ்விடத்தில் கிடைக்கும் என்று வாங்க வருவோர் மயங்காதிருக்கும்பொருட்டு வணிகர் கொடி உயர்த்தியிருந்தனர். பொருளின் தரத்தைக் கேட்குமுன்னரே அறிவிப்பது வணிக அறமாகக் கருதப்பட்ட காலம் அது.

அத்தகைய வீதியைக் கண்டு திரும்பிய கோவலன், பின்னர்ச் சிலம்பை விற்கச் சென்றபோது என்ன செய்தான்? வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனிடம், அதற்கு விலை மதிக்க இயலுமா எனக் கேட்டான். கம்மியர் நூற்றுவர் பின்தொடர வந்த அவனது தோற்றம் நம்பிக்கையளித்தது. வேறொருவரது மதிப்பீட்டைக் கோவலன் நாடவில்லை. பொற்கொல்லனின் வஞ்சனைக்குக் கோவலனைப் பொறுப்பாக்குதல் முறையன்று. ஆயினும், தோற்றத்தை நம்பி ஒருவர் சொல்லும் மதிப்பையே முடிவாகக் கொள்ளும் வழக்கம் இன்றும் நகைக்கடைகளில் தொடர்கிறது.

விலையின் உறுப்புகள்

வீடு, நிலம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எளிய தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகை செலவிட்டு வாங்குவது தங்க நகையே. பல ஆண்டுச் சேமிப்பு ஒரு பிற்பகலில் கைமாறுகிறது. ஆனால், பெட்டியில் அடைத்து விற்கும் பொருளைப்போல நகைக்கு அச்சிட்ட உச்ச விலை கிடையாது. கடைக்காரர் கணிப்பானில் தட்டிக் காட்டும் ஒற்றைத் தொகையே வாங்குவோர் கண்ணிற்படுகிறது. அத்தொகையைக் 'கொஞ்சம் குறையுங்கள்' என்று கேட்பது பேரம் ஆகாது, இரத்தல் போன்றது. தொகையை அதன் உறுப்புகளாகப் பிரித்த பின்னரே பேரம் தொடங்குகிறது.

முதல் உறுப்பு தங்கத்தின் அன்றாட விலை. நகை வணிகர் சங்கங்கள் நாள்தோறும் அறிவிக்கும் இவ்விலை, ஓர் ஊரின் கடைகளுக்கிடையே பெரிதும் வேறுபடுவதில்லை. இறுதி உறுப்பாகிய 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, அரசு விதிப்பது. அதில் கடைக்காரர் கைவைக்க இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே இருப்பவைதான் செய்கூலியும் சேதாரமும். கடைக்குக் கடை, நகைக்கு நகை மாறுபவை இவையே.

சேதாரம் என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு தொழிலின் வரலாறு உண்டு. பொற்கொல்லர் தம் பட்டறையில் பொன்னை உருக்கி, அடித்து, அரத்தால் தேய்த்து நகை செய்தபோது ஒரு சிறு பகுதி துகளாகக் கழிந்தது. அந்த இழப்பை நகை செய்யச் சொன்னவர் ஏற்றார். துகள் முற்றிலும் வீணானதுமில்லை. பொற்கொல்லர் தெருக்களின் சாக்கடை மண்ணை அலசிப் பொன் துகள் சேர்த்துப் பிழைப்போர் இன்றும் உள்ளனர்! இப்போது பல நகைகள் இயந்திரத்தில் உருவாகின்றன. கழிவுத் துகளும் திரட்டி உருக்கப்படுகிறது. எனினும் சேதாரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது பெரும்பாலும் கடையின் செலவையும் இலாபத்தையும் உள்ளடக்கிய தொகையாகவே ஆகிவிட்டது. நுண்ணிய கைவேலைப்பாடுள்ள நகைக்கு அது மிகுதியாக இருப்பதில் நியாயம் உண்டு. இயந்திரம் பின்னிய எளிய சங்கிலிக்கும் அதே விழுக்காடு கேட்கப்பட்டால் காரணம் வினவுதல் வேண்டும்.

ஒரு கணக்கு

நெசவாளர் குடும்பத்துத் தாய் ஒருவர், மகளின் திருமணத்திற்கு ஐந்து பவுனில் சங்கிலி வாங்கச் செல்வதாகக் கொள்வோம். பவுன் என்பது ஆங்கிலேய நாணயத்தின் வழி வந்த பெயர்; வழக்கில் அது 8 கிராம். ஆகவே சங்கிலியின் எடை 40 கிராம். கணக்கு எளிதாகும்பொருட்டு ஒரு கிராமின் விலையை 10,000 ரூபாய் என வைத்துக்கொள்ளலாம். தங்கத்தின் விலை மட்டும் 4,00,000 ரூபாய்.

"இதற்குச் சேதாரம் பதினான்கு விழுக்காடு, அம்மா. செய்கூலி தனியாக இல்லை" என்கிறார் விற்பனையாளர். பதினான்கு விழுக்காடு என்பது 5.6 கிராம், அதாவது 56,000 ரூபாய். வரியையும் சேர்த்தால் தொகை 4,69,680 ஆகிறது. தாய் தயங்குவதைக் கண்டு, "கிராமுக்கு நூறு ரூபாய் தள்ளுபடி தருகிறோம்" என்று சலுகை கூறப்படுகிறது.

கேட்பதற்கு இனிதாக உள்ள இச்சலுகையால் வரிக்கு முன் குறைவது 4,560 ரூபாயே. சேதாரத்தை மூன்று விழுக்காடு குறைத்தாலோ 12,000 ரூபாய் குறையும். பள்ளி இறுதியாண்டு பயிலும் மகள் இக்கணக்கைத் தாளின் ஓரத்தில் போட்டுத் தாயிடம் காட்டுகிறாள். "தள்ளுபடி இருக்கட்டும் ஐயா, சேதாரத்தில் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்கிறார் தாய். பேச்சு அப்போதுதான் உரிய இடத்திற்கு வருகிறது.

கல் பதித்த நகையாயின் மற்றொன்றும் கேட்கவேண்டும். கல்லையும் சேர்த்து நிறுத்து, முழுமைக்கும் பொன் விலை போட்டால், இரண்டு கிராம் கண்ணாடிக் கல்லுக்கு 20,000 ரூபாய் கொடுத்ததாகும். கல்லின் எடையைக் கழித்த நிகர எடை வேறு, மொத்த எடை வேறு. பழைய நகையை மாற்றுவோர், அதன் தூய்மையைத் தம் கண்முன் சோதிக்கச் செய்து, கழிவு எவ்வளவு என்பதை முன்னரே கேட்டறிதல் நலம்.

தரத்திற்குச் சான்று

விலை எவ்வளவு குறைந்தாலும் தரம் குறைந்திருப்பின் பேரத்தால் பயனில்லை. தூய தங்கம் மென்மையானது. ஆதலால் செம்பு, வெள்ளி போன்றவை கலந்தே நகை செய்வர். 22 காரட் நகையில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் இருத்தல் வேண்டும். இதனை உறுதிசெய்யும் ஹால்மார்க் முத்திரை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறியும் நகையில் இருத்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் அக்குறியை இட்டுச் சரிபார்க்கலாம். முத்திரையிட்ட நகையில் தூய்மை குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால், குறைவுக்குரிய தொகையின் இருமடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் இழப்பீடாகப் பெற விதிகளில் இடமுண்டு. அவ்வுரிமைக்கு ஆதாரம் முறையான விற்பனைச் சீட்டு. வரியை மிச்சப்படுத்தலாம் என்று சீட்டில்லாமல் வாங்குவோர் அந்த ஆதாரத்தையே இழக்கின்றனர்.

அட்சய திருதியை போன்ற நெரிசல் நாளில் இத்தனையும் கேட்க இடமிராது. பின்னால் நிற்போரின் அவசரமே கடைக்காரருக்குத் துணையாகிவிடும். நெரிசலற்ற ஒரு வாரநாளின் முற்பகலில், இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவரும் பொழுதுள்ளவரே கடைக்காரருக்கு நிகராக நின்று பேசமுடியும்.

அந்தத் தாயும் அதையே செய்தார். விலையின் உறுப்புகளைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லி, தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். மகளுடன் அடுத்த தெருவிலிருந்த கடைக்குச் சென்று, அதே எடையுள்ள, அதே வேலைப்பாடுள்ள சங்கிலிக்குக் கணக்குக் கேட்டார். அங்கே சேதாரம் பதினொரு விழுக்காடு. முதற்கடையின் சங்கிலியே மகளுக்குப் பிடித்திருந்தமையால் இருவரும் அங்குத் திரும்பினர். இரண்டு தாள்களும் மேசைமீது அருகருகே வைக்கப்பட்டன. விற்பனையாளர் உள்ளே சென்று முதலாளியிடம் பேசிவிட்டு வந்து, பதினான்கை அடித்துப் பதினொன்று என எழுதினார். வரியுடன் 4,57,320 ரூபாய். முதலில் சொன்னதைவிட 12,360 ரூபாய் குறைவு. மகள் உருப்பெருக்கியை வாங்கி, கொக்கியருகே பொறித்திருந்த ஆறு குறிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சீட்டில் எழுதச் சொன்னாள்.