கூரை நீரும் நம் கடைகளும்

இராமநாதபுரம் சீமையில் ஊருணி நீரைக் காத்த நம்மவர், மழை கொட்டும் காஜாங்கில் தொட்டி எதற்கென்று கேட்கின்றனர். 1998-ஆம் ஆண்டு வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2016-இலோ குறை வானத்தினுடையதன்று. செமினி ஆற்று நீர் மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட, உலு லங்காட் வட்டாரக் குழாய்கள் வறண்டன. பாத்திரம் கழுவ நீரில்லாதவன் சாப்பாட்டுக் கடையை எப்படித் திறப்பான்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு 25 மில்லிமீட்டர் மழையில், சேதாரம் போக ஏறக்குறைய 2,000 லிட்டர் சேரும். தரை கழுவ, கழிப்பறைக்கு, செடிகளுக்கு அது தாராளம்.

மழைநீர் தானும் தூயது, பிறவற்றையும் தூய்மையாக்குவது என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஆகவே ஒளுவுக்கும் ஆகும். ஆனால் பறவை எச்சம் கழுவிவரும் முதல் நீரை வெளியே விட்டுவிடுக. தொட்டி வாயில் கொசுவலை கட்டாயம்; ஏடிஸ் வளர்த்து அபராதம் கட்டுவானேன்? குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீரையே தனியே சேமித்து வைக்க.