லீவில் வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயருக்குக் கீழே 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த மலை, எந்த போஸ்ட் என்று கேட்கக் கூடாது என்பது பட்டாளத்தில் இருந்தவனுக்குத் தெரியும். கணவாய் மூடிக் கிடக்கிறது, வானம் தெளிந்து ஹெலிகாப்டர் வந்தால்தான் ஒரு ஆள் கீழே இறங்க முடியும் என்று எழுதியிருந்தீர்கள். அது போதும்.

தை மாதம் உங்கள் ஆயா இறந்துவிட்டார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, உங்களை வளர்த்து ஆளாக்கியவர் அவர். கொள்ளி வைத்தது மாமா. நெய்ப்பந்தம் பிடிக்க உங்கள் இடத்தில் பெரியம்மா பையன் நின்றான். ‘வளர்த்த பேரன் வரலையே’ என்று சாவு வீட்டில் நாலு பேர் பேசியது உங்கள் காதுக்கும் வந்திருக்கிறது. அழுகை மட்டும் இன்று வரை வரவில்லை. சித்திரையில் லீவு கிடைத்துவிடும், ஆனால் வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். உங்களைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள். அதனால்தான் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

நான் பட்டாலியன் ஆபீசில் கிளார்க்காக இருந்தவன். லீவு சர்டிபிகேட் அடிப்பதும் ரயில் வாரண்ட் எழுதுவதுமாகவே என் சர்வீஸ் கழிந்தது. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வரும் தந்தி எங்கள் மேஜைக்குத்தான் முதலில் வரும். தாய் சீரியஸ், உடனே புறப்படு. அவ்வளவுதான் இருக்கும். அவற்றில் சில, லீவுக்காக ஊரில் சொல்லி அடிக்க வைத்தவை. அது மேலிடத்துக்கும் தெரியும். அதனால் நிஜமாகவே தாய் சாகக் கிடக்கிறவனுடைய தந்தியையும் விசாரித்துத்தான் முடிவு செய்வார்கள். விசாரணை முடிவதற்குள் அடுத்த தந்தி வந்துவிடும். அந்த இரண்டாவது தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சுபேதார் சாபின் அறைக்குப் பல தடவை நடந்திருக்கிறேன். 2013 ஜூலையோடு தந்தி சேவையே நின்றுபோனது. இப்போது எல்லாம் போன்தான்.

ஆனால் ஜவானிடம் சொல்கிற முறை மட்டும் மாறவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தெரிந்துகொண்டேன். உங்களையும் சாப் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்திருக்கிறார். ராஷன், பனி, அடுத்த ஹெலிகாப்டர் என்று எதையோ பேசியிருக்கிறார். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். எங்கள் சாபும் அப்படியே செய்வார். கையில் சூடான டம்ளர் இருக்கும்போது சொல்லக் கூடாது என்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் சத்தமில்லாமல் அந்த ஜவானின் ரைஃபிளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். பிறகு கொஞ்ச நாளைக்கு அவனைத் தனியாக விட மாட்டார்கள். உங்கள் போஸ்டில் ஆள் குறைவு, அன்று ராத்திரியே சென்ட்ரி நிற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் ஜோடிக்காரர் விடியும்வரை பக்கத்திலேயே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. தம்பி, சாவு வீட்டுத் திண்ணையில் நம் ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள்? வந்து உட்கார்ந்திருப்பதுதான் அங்கே முறை. அவர் உங்களுக்காக உட்கார முடியாத இடத்தில் நின்றிருக்கிறார்.

ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். ‘கேட்டிருந்தால் விட்டிருப்பார்களே’ என்று சொல்கிறவர்களுக்கு நிலவரம் தெரியாது. ஜவானுக்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. சாவுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது, இந்த இரண்டிலிருந்துதான் கொடுக்க வேண்டும். லீவு உரிமை ஆகாது என்று விதியே சொல்கிறது. ஆனாலும் சாவு என்று வந்து நின்றவனை ‘போகாதே’ என்று சொன்ன கமாண்டிங் ஆபீசரை நான் அதிகம் பார்த்ததில்லை. கையெழுத்து சீக்கிரம் விழுந்துவிடும். அதன் பிறகு மலை விட வேண்டும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் சோனம் போஸ்ட் மேல் பனி சரிந்து, 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நாட்டுக்கே தெரிந்த சாவு. ராணுவமே முன்னின்று தேடியது. அப்படியும் பனியை வெட்டி எடுத்த உடல்கள் வானிலை சரியாகும்வரை பல நாள் காத்திருந்துதான் கீழே வந்து சேர்ந்தன. அங்கிருந்து உயிரோடு இருக்கிற ஒரு பேரன் ஒரே நாளில் எப்படி வந்து சேருவான்? இறங்கினாலும் டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் ரயில், பிறகு காட்பாடி, பிறகு பஸ்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களில் இந்தப் பேச்சு எழாது. அங்கே எந்தத் திண்ணையில் கேட்டாலும், அப்பன் சாவுக்கு வராதவர், ஆத்தா சாவுக்கு வராதவர் என்று யாராவது ஒருவர் இருப்பார். வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறதே, அதில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914இல் தொடங்கிய பெரிய யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. கடைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். செத்துப்போன 14 பேருக்குக் கணக்கு இருக்கிறது. திரும்பி வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே யார் யார் இல்லாமல் போயிருந்தார்கள்? வருஷக்கணக்கில் நடந்த யுத்தம் அது. விஷக்காய்ச்சல் ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன 1918ஆம் வருஷமும் அதற்குள் வருகிறது. அந்தக் கணக்கை யாரும் எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. நீங்கள் அந்த வரிசையில் வந்தவர், தம்பி. உங்களுக்கு முன்னால் நூறு வருஷத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி, நீங்கள் கடிதத்தின் நடுவில் இரண்டே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன விஷயம். ஃப்ரீசர் பெட்டியில் ஆயாவை வைத்துவிட்டு மாமா காத்திருந்திருக்கிறார். சேட்டிலைட் போன் கிடைத்தபோது, “வர முடியுமாப்பா, வைக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். நீங்கள், “எடுத்துடுங்க மாமா” என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது.

வீட்டுக்குப் போகப் பயமாக இருப்பது இந்த வார்த்தையால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயாவை எடுக்கச் சொன்ன வாயோடு எப்படி அந்த வாசலில் போய் நிற்பது என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் சாவு விழுந்தால், எப்போது எடுப்பது என்று யாரைக் கேட்பார்கள்? வந்தவர் போனவரையெல்லாம் கேட்க மாட்டார்கள். உரிமைக்காரரைத்தான் கேட்பார்கள். பெற்ற மகன் மாமா அங்கேயே இருக்கிறார். அவர் தானே முடிவு செய்திருக்கலாம், ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் உங்கள் வாயிலிருந்து வரட்டும் என்று பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துக் காத்திருந்தார். ஊர் நாலு விதமாகப் பேசியது, மாமா உங்களுக்குரிய இடத்தை உங்களுக்கே விட்டு வைத்தார். நீங்களும் அந்த இடத்தில் இருந்துகொண்டு, ஆயா உடம்பு கெடாமல் நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று உரியவன் சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள்.

அழுகை வராதது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கல்மனம் என்று எண்ண வேண்டாம். மூச்சு விடுவதே வேலையாக இருக்கிற உயரத்தில், எதிரே ஒரு கண், பனி மேல் ஒரு கண் என்று நிற்கிறவனுக்கு அழ நேரம் ஏது? அதோடு, ஊரில் அழுகை தானாக வருவது இல்லை. பறைச்சத்தம், ஊதுவத்தி வாசனை, சாணி தெளித்த வாசல், தலைவிரித்து வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாமாகச் சேர்ந்துதான் நம்மை அழ வைக்கின்றன. உங்களுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு சேதி மட்டும் கிடைத்தது.

என் அப்பா இறந்தபோது நான் காஷ்மீரில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. வீடு வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. தம்பி கறி எடுத்து வந்தான், அம்மா இலை போட்டார். அக்கா பிள்ளைகள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அவர்கள் அழுது முடித்துவிட்டிருந்தார்கள், தப்பே இல்லை. பதினாறு நாள் அழுத வீடு பிறகு சோறாக்கித்தானே ஆக வேண்டும். எனக்கு மட்டும் அப்பா அன்றைக்குத்தான் இறந்திருந்தார். அதை யாரிடம் சொல்வது? சாயந்தரம் பக்கத்துத் தெருவிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை, எனக்கு அத்தை முறை, வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததுமே கையை நீட்டிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான் பிணம் விழுந்த மாதிரி குரலெடுத்தார். இரண்டு நிமிஷத்தில் அம்மா வந்தார், அக்கா வந்தாள், எதிர்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கறிச்சட்டி அடுப்பிலேயே கிடந்தது. அன்று நான் அழுதது போல அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தாமதமாக வருகிறவனுக்கு நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது. துக்கம் விசாரிக்க ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்தாலும் வீட்டுப் பெண்கள் அவரோடு மறுபடி முதலிலிருந்து அழுவார்கள். எப்படி விழுந்தார், கடைசியாக யாரைக் கேட்டார், என்ன சாப்பிட்டார் என்று முழுக் கதையையும் மறுபடி சொல்வார்கள். ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போனவர்களுக்கும் பட்டாளத்துக்குப் போனவர்களுக்கும் இந்த ஏற்பாடு எத்தனையோ காலம் கைகொடுத்திருக்கிறது. இப்போது அது குறைந்து வருகிறது. சாவை வீடியோ காலில் காட்டிவிட்டோம், அவனும் பார்த்துவிட்டான் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். சிக்னல் விட்டு விட்டு வருகிற சின்னத் திரையில் பார்த்தது போய் நின்றதற்கு ஈடாகாது. அத்தைமார்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

லீவு உறுதியானதும் மாமாவுக்குப் போன் போட்டு, முதல் நாள் கறி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெண் பார்க்கிற பேச்சு, கேன்டீன் சாமான் பேச்சு எல்லாம் இரண்டு நாள் போகட்டும். மாமியை உட்கார வைத்து ஆயாவின் கடைசி வாரத்தைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொன்னாரா என்று நேராகவே கேளுங்கள். சொல்லவில்லை என்றாலும் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் வருஷக்கணக்கில் மனசு அதையே தோண்டிக்கொண்டிருக்கும். மாமாவோடு சுடுகாட்டுக்குப் போய், எரித்த இடத்தை அவர் கையால் காட்டச் சொல்லுங்கள். மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் போட்டுக்கொள்ளுங்கள். கருமாதி முடிந்துவிட்டதே என்று எவராவது சொன்னால், எனக்கு இப்போதுதான் என்று சொல்லுங்கள். போதும். ‘வரலையே’ என்று பேசியவர்கள் வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். விளக்கம் சொல்லப் போக வேண்டாம், ஆயாவைத் தெரிந்தவர்கள் என்பதற்காகப் போங்கள். அவர்களிடமும் ஆயாவின் கதை கொஞ்சம் இருக்கும்.

கடைசியாக, கிளார்க்காகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் தெவசம் அடுத்த தையில் வருகிறது. கேஷுவல் லீவுக்கு ஜனவரியில் புதுக் கணக்கு தொடங்கும், ஆகவே இந்த வருஷக் கணக்கை இப்போதே தீர்த்துவிட்டோமே என்ற கவலை வேண்டாம். குளிர்காலத்தில் மறுபடி மேலே அனுப்புவார்களா என்பதை ஐப்பசியிலேயே சாபிடம் கேட்டு, தேதியைச் சொல்லி வையுங்கள். விண்ணப்பம் மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஆபீசுக்குப் போய்விட வேண்டும். காரணம் என்ற இடத்தில் எல்லாரும் வழக்கமாக எழுதுகிற ‘வீட்டு வேலை’யை எழுதாதீர்கள். ஆயாவின் தெவசம் என்றே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் லீவில் வந்த ஒருவன்